திருவனந்தபுரத்துக்கு ஒத்தைல போறவங்களே, திங்கக்கிழமை மட்டும் வேண்டாமுங்க

திருவனந்தபுரம் போலாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ட்ரெயின் டிக்கெட் பாக்கறதுக்கு முன்னாடி காலண்டர எடுத்துப் பாருங்க. கேரளாவோட தலைநகரம்னு தான் பேரு, ஆனா ஊர் ஒண்ணும் அவ்வளவு பெருசு இல்ல, பத்மநாபசாமி கோயில்ல இருந்து நேப்பியர் மியூசியம் நாலஞ்சு கிலோமீட்டர் தான், கோவளம் பீச் வேணும்னா பதினஞ்சு கிலோமீட்டர் இருக்கும், அதனால தூரம் ஒரு விஷயமே இல்லீங்க. அங்க எல்லாமே கிழமைக்கும் மணிக்கும் தான் நடக்குது. எது எப்பத் தெறக்கும், எப்பச் சாத்துவாங்க, எந்தக் கிழமை லீவு, இது தெரியாம போனா காசும் போயி காலும் வலிச்சு திரும்பி வரணும். அதுலயும் பொம்பள தனியா போனா இன்னும் நாலு விஷயம் கூடத் தெரிஞ்சிருக்கணும். எனக்கு யாரும் சொல்லல, அதான் எழுதறேன்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு எழுதறேன். பொண்ணுக்காக பத்மநாபசாமிக்கு ஒரு வேண்டுதல் வச்சிருந்தேன், வீட்டுக்காரருக்கு கடைய விட்டுட்டு வர முடியாது, பொண்ணுக்கு காலேஜ், சரி நானே போயிட்டு வந்தர்றேன்னு கிளம்பிட்டேன். ஞாயித்துக்கிழமை தான் கம்பெனி லீவு, கூட ரெண்டு நாள் லீவு சொல்லி, ஞாயிறு மத்தியானம் வண்டி ஏறினா ராத்திரி போயி எறங்கி தூங்கிட்டு திங்கக்கிழமை கோயிலும் ஊரும் பாத்தரலாம்னு கணக்கு. வேலைக்குப் போற எல்லாரும் இப்படித்தான போடுவோம்.

வண்டி லேட்டாகி பத்தரைக்கு மேல தான் போயி சேந்துச்சு. இங்க மொத விஷயம் சொல்லிர்றேன். திருவனந்தபுரம்னு பேர் வச்ச ஸ்டேஷன் ஒண்ணு இல்லீங்க. சென்ட்ரல்னு ஒண்ணு, அது தம்பானூர்ல, ஊருக்கு நடுவுல, எதுத்தாப்ல கே.எஸ்.ஆர்.டி.சி பஸ் ஸ்டாண்டு. நார்த்னு ஒண்ணு இருக்கு, அது முன்னாடி கொச்சுவேளின்னு இருந்தது. சவுத்னு போட்டிருந்தா அது பழைய நேமம். 2024ல தான் ரெண்டுக்கும் பேர் மாத்தினாங்க. எனக்கு டிக்கெட் கெடச்சது நார்த் வரைக்கும் போற வண்டில. அங்க எறங்கி தம்பானூர் போக ஆறேழு கிலோமீட்டர் இருக்கு, அந்நேரத்துக்கு பஸ்ஸும் கண்ணுல படல, இருந்த ஆட்டோக்காரர் 350 ரூபாய்ன்னுட்டார், மீட்டரப் போடுங்கன்னா "ராத்திரி அல்லே சேச்சி"ங்கறார். அப்பறமா தான் விசாரிச்சேன். அங்க 2022ல கவர்மென்ட் வச்ச ரேட்டு, முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 15 ரூபாய், ராத்திரி பத்து மணிக்கு மேல காலைல அஞ்சு வரைக்கும் அதுல பாதி சேத்துக் குடுக்கணும். அப்படிப் பாத்தா 170 ரூபாய்க்குள்ள முடிஞ்சிருக்க வேண்டியது. பகல்ல ஊருக்குள்ள ஓடற ஆட்டோக்காரங்க பெரும்பாலும் கேக்காமயே மீட்டர் போட்டாங்க, அதையும் சொல்லணும்ல. முடிஞ்ச வரைக்கும் சென்ட்ரலுக்குப் போற வண்டியாப் பாத்துப் போடுங்க, அங்க ப்ரீபெய்டு ஆட்டோ கவுன்டர் இருக்கு, ரசீது குடுப்பாங்க, யார்கிட்டயும் பேரம் பேச வேண்டியதில்ல.

அடுத்தது தான் பெரிய இடி. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு லாட்ஜ் ஆப்ல புக் பண்ணி 1,650 ரூபாய் முன்னாடியே கட்டிட்டேன். கவுன்டர்ல இருந்தவர் ஆதார வாங்கிப் பாத்துட்டு, கூட யாருன்னு கேட்டார். யாருமில்ல, நான் மட்டும் தான்னேன். ஆதாரத் திருப்பி மேசை மேல வச்சுட்டு, சிங்கிள் லேடிக்கு ரூம் குடுக்கறதில்லன்னுட்டார். பணம் கட்டியிருக்கேன், மெசேஜ் வந்திருக்குன்னு போனக் காட்டறேன், அதெல்லாம் ஆப்காரங்க கிட்டப் பேசிக்கோங்கன்னு டிவி பக்கம் திரும்பிட்டார். அங்க சோபால உக்காந்திருந்த ரெண்டு ஆம்பளைங்க என்னைய மேலயும் கீழயும் பாத்தாங்க பாருங்க, நாப்பத்தஞ்சு வயசுல கோயிலுக்கு வந்தவ நான், ஏதோ திருடிட்டு மாட்டுனவ கணக்கா கூசிப் போச்சு. வெளிய வந்து மழைல அந்த ஷட்டர் ஓரமா நின்னுட்டு அழுதேன், உண்மையச் சொல்றதுக்கென்ன. வீட்டுக்குக் கூப்பிடவும் மனசில்ல, கூப்பிட்டா "அப்பவே சொன்னேன்ல"ன்னு ஆரம்பிப்பாங்க, அவங்களும் தூங்க மாட்டாங்க. ஆப்காரங்களுக்கு அடிச்சா நாப்பது நிமிஷம் பாட்டு போட்டுட்டு, ஹோட்டல்காரங்க நீங்க வரவே இல்லன்னு போட்டிருக்காங்க அதனால ரீஃபண்ட் இல்லன்னு சொல்றாங்க. நான் அந்த வாசல்ல தான் நின்னுட்டிருக்கேன்!

பக்கத்துல இன்னும் ரெண்டு லாட்ஜ்ல கேட்டேன், ஒண்ணுல ரூம் இல்ல, இன்னொண்ணுல 3,000 சொன்னாங்க, அந்த இடத்தப் பாத்தா தங்கற மாதிரியும் இல்ல. கடைசில சென்ட்ரல் ஸ்டேஷனுக்கே போயிட்டேன். அங்க டூட்டில இருந்த போலீஸ்காரப் பொண்ணு ஒண்ணு, என் பொண்ண விட நாலஞ்சு வயசு தான் கூட இருக்கும், மூஞ்சியப் பாத்தே என்னாச்சுன்னு கேட்டுட்டா. சொன்னதும் "பேடிக்கண்டா சேச்சி"ன்னு, அதாவது பயப்படாதீங்கக்கான்னு சொல்லி லேடீஸ் வெயிட்டிங் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போயி, அங்க இருந்தவங்க கிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போனா. இரும்பு சேர்ல கொசுக்கடில விடிய விடிய உக்காந்திருந்தேன், ஆனா பயம் போயிருச்சு.

விடிஞ்சப்பறம் தான் தெரியுது, எதுத்தாப்ல அந்த கே.எஸ்.ஆர்.டி.சி கட்டடத்துலயே கேரள கவர்மென்ட் "என்டெ கூடு"ன்னு ஒரு இடம் நடத்துதாம். ராத்திரி தனியா வந்து மாட்டிக்கற பொம்பளைங்களும் குழந்தைங்களும் தங்கிக்கலாம், காசே வாங்கறதில்ல. டீ குடிக்கும்போது பக்கத்துல நின்ன அம்மா ஒருத்தர் சொன்னாங்க. எத்தன பேருக்குத் தெரியும் இது? கேரளாவுல பிங்க் போலீஸ்னு பொம்பளைங்களுக்காகவே ரோந்து சுத்தற வண்டி இருக்கு, 1515 அடிச்சா வருவாங்க, அவசரம்னா 112 இருக்கவே இருக்கு. இத போன்ல ஏத்தி வச்சுக்கோங்க. ரூம் விஷயத்துல நான் இப்ப என்ன பண்றேன்னா, புக் பண்றதுக்கு முன்னாடி ஹோட்டலுக்கே நேரா போன் போட்டு, ஒரே லேடி வர்றேன், ராத்திரி இத்தன மணிக்கு வர்றேன், ரூம் உண்டா இல்லையான்னு கேட்டுட்டு, சரின்னா அதையே வாட்ஸாப்ல எழுதி அனுப்பச் சொல்லிர்றேன். போயிப் பணம் கட்டற மாதிரி இருந்தா மட்டும் தான் புக்கிங். தம்பானூர்லயே கே.டி.டி.சியோட சைத்ரம் ஹோட்டல் இருக்கு, அது கவர்மென்ட் ஹோட்டல், ஸ்பென்சர் ஜங்ஷன் பக்கம் ஒய்.டபிள்யூ.சி.ஏ கெஸ்ட் ஹவுஸ் இருக்கு, சென்ட்ரல் ஸ்டேஷன்லயே ரிட்டயரிங் ரூம் இருக்கு, டிக்கெட்டோட பி.என்.ஆர் நம்பர வச்சு முன்னாடியே போட்டுக்கலாம். அன்னைக்கு அந்த லாட்ஜ் வாசல்ல நின்ன நேரத்தக் காட்டற மாதிரி அவங்க போர்டு தெரிய ஒரு போட்டோவும் எடுத்து வச்சிருந்தேன், அது தான் இப்ப உதவுது. 1915க்கு அடிச்சு கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன், புகார் நம்பர் வந்திருக்கு, பணம் வரல.

காலைல ஸ்டேஷன்லயே மூஞ்சி கழுவி, பைய அங்க க்ளோக் ரூம்ல போட்டேன் (பைக்குப் பூட்டு இருந்தா தான் வாங்கறாங்க, கடைல போயி ஒரு சின்னப் பூட்டு வாங்கிட்டு வந்தேன்). பக்கத்துல இந்தியன் காபி ஹவுஸ், செங்கல்ல சுருள் சுருளா கோபுரம் மாதிரி எழுப்பி இருக்கும், லாரி பேக்கர் கட்டுனது. உள்ள படியே கெடையாது, தரையே சுத்திச் சுத்தி மேல ஏறிட்டே போகுது, அந்தச் சரிவுல ஓரமா மேசை போட்டு வச்சிருக்காங்க. விசிறி மாதிரி தலைப்பாகை கட்டுனவர் மசால் தோசை கொண்டாந்து வச்சார், உள்ள மசாலா பீட்ரூட் போட்டு செக்கச்செவேல்னு இருந்துச்சு. ராத்திரி பட்டதுக்கெல்லாம் அந்தச் சூடான காபி பெரிய ஆறுதல்ங்க.

அடுத்தது கோயில். பத்மநாபசாமி கோயில்ல காலைல 3.30க்கு நிர்மால்ய தரிசனத்துல ஆரம்பிக்குது, மத்தியானம் 12க்குள்ள முடிஞ்சிரும், சாயங்காலம் 5க்குத் தெறந்து 7.20 வரைக்கும். ஆனா காலைல தொடர்ச்சியா தெறந்திருக்காது, நடுநடுவுல நடை சாத்திருவாங்க, அந்த நேரத்துல போயிட்டோம்னா நின்னுட்டே இருக்க வேண்டியது தான். இந்துக்களுக்கு மட்டும் தான் அனுமதி. ஆம்பளைங்க சட்டை இல்லாம வேட்டில போகணும், பொம்பளைங்க சேலையோ பாவாடை தாவணியோ, சுடிதார் போட்டிருந்தா அதுக்கு மேல முண்டு, அதான் வேட்டி, சுத்திக்கணும். நான் ராத்திரி நனைஞ்ச சேலைய மாத்திட்டு சுடிதார்ல இருந்தேன். போன் உள்ள விட மாட்டாங்க, 2011ல நிலவறை தெறந்து நகைய எல்லாம் கணக்கெடுத்ததுல இருந்து அங்க காவல் ரொம்பக் கடுசு. அதனால போன வெளிய க்ளோக் ரூம்ல குடுத்துட்டு டோக்கனோட வந்துட்டேன். முண்டு வாங்கணும்னு நின்னா கைல காசு இல்ல! இருந்த நோட்டெல்லாம் ராத்திரி ஆட்டோவுக்கும் காலைல பூட்டுக்கும் போயிருச்சு, மிச்சமெல்லாம் ஜிபேல கெடக்குது, ஜிபே போன்ல கெடக்குது, போன் க்ளோக் ரூம்ல கெடக்குது. கூட ஒரு ஆள் இருந்தா அவங்க போன வச்சுட்டு வெளிய நிப்பாங்க, ஒத்தைல போறவங்களுக்கு இது ஒரு பெரிய சிக்கல்.

வரிசைல முன்னாடி ஒரு நாகர்கோவில் அம்மா. "ஒத்தையிலயா வந்திய?"ன்னு கேட்டாங்க, விஷயத்தச் சொன்னேன், மறுபேச்சு பேசாம இடுப்புல இருந்து சுருட்டி வச்சிருந்த பணத்த எடுத்து 200 ரூபாய் குடுத்துட்டாங்க. வெளிய வந்து போன வாங்கினதும் திருப்பிக் குடுக்கறதுக்குள்ள அவங்க போயிருவாங்களோன்னு எனக்குப் பதட்டம், உள்ள பாதி நேரம் சாமியப் பாக்காம அவங்க சேலைக் கலரத் தான் பாத்துட்டு இருந்தேன். நீங்க போகும்போது நாலஞ்சு நூறு ரூபாய் நோட்டு தனியா சின்னப் பர்ஸ்ல வச்சுக்கோங்க, கிளம்பும்போதே சேலை கட்டிக்கோங்க.

தரிசனத்தப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். பெருமாள் அனந்தன் மேல படுத்திருக்கார், பதினெட்டு அடின்னு சொல்றாங்க, ஒரே வாசல் வழியா முழுசாத் தெரியாது, மூணு வாசல். மொத வாசல்ல முகமும், தொங்கற வலது கைக்கு அடில சிவலிங்கமும், நடு வாசல்ல நாபில இருந்து வர்ற தாமரைல பிரம்மாவும், மூணாவதுல பாதமும். உள்ள எண்ணெய் விளக்கு வெளிச்சம் மட்டும் தான், கண்ணு அந்த இருட்டுக்குப் பழகறதுக்குள்ள நகரச் சொல்லிருவாங்க. அதனால ஏறும்போதே எந்த வாசல்ல என்ன பாக்கணும்னு மனசுல வச்சுட்டு ஏறுங்க. மூல விக்கிரகம் கல்லு கிடையாது, கடுசர்க்கரை யோகம்னு ஒரு கலவை, உள்ளுக்குள்ள நேபாளத்துல கண்டகி நதில இருந்து கொண்டாந்த 12,008 சாளக்கிராமம் வச்சு செஞ்சதா சொல்றாங்க. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா 1750ல நாட்டையே இந்தச் சாமிக்கு எழுதி வச்சுட்டு, அதுக்கப்பறம் பத்மநாபதாசன்னு பேர் போட்டுத் தான் ஆண்டாராம். நான் பொண்ணு பேரச் சொல்லி நடு வாசல்ல கும்பிட்டேன். அவ்வளவு நேரம் இருந்த எரிச்சல் அங்க இல்ல, அதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல.

வெளிய வந்து அந்த அம்மாவக் கண்டுபிடிச்சு, அவங்க மருமகன் நம்பருக்கு 200 அனுப்பிட்டு, பக்கத்துல இருக்கற குதிரமாளிகைக்கு நடந்தேன். சுவாதித் திருநாள் மகாராஜா கட்டுன அரண்மனை, கூரைக்கு அடில 122 மரக்குதிரை வரிசையா செதுக்கி இருக்கும்னு படிச்சுட்டுப் போயிருந்தேன். கேட்டுல பூட்டு. திங்கக்கிழமை லீவு. சரி மியூசியம் போலாம்னு ஆட்டோ ஏறி 80 ரூபாய் குடுத்து எறங்கினா அங்கயும் திங்கக்கிழமை லீவு. அதே காம்பவுண்டுல இருக்கற மிருகக்காட்சி சாலையும் லீவு. ஆட்டோக்காரர் ஏறும்போதே சொல்லியிருக்கலாம்ல, சொல்லல. நின்ன இடத்துலயே போன்ல பாத்தேன், தக்கலை பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனை, ஊர் நம்ம கன்னியாகுமரி மாவட்டம், பராமரிப்பு கேரளா கவர்மென்ட், அங்கயும் திங்கக்கிழமை லீவு. நேப்பியர் மியூசியத்துக்கு புதன்கிழமை காலைலயும் லீவாம், மத்தியானத்துக்கு மேல தான் தெறப்பாங்களாம். ஆக ஞாயிறோட ஒரு நாள் சேத்து லீவு போட்டு வர்றவங்க வந்து நிக்கற அதே நாள்ல இந்த ஊர்ல பாதி பூட்டிக் கெடக்குது. வெள்ளி ராத்திரி கிளம்பி சனி ஞாயிறு பாத்துட்டு வர்றது தான் சரி.

திங்கக்கிழமை போயே தீரணும்னா என்ன பாக்கலாம்? கோயிலுங்க இருக்கு, பழவங்காடி கணபதி கோயில் நடக்கற தூரம், அத ராணுவம் தான் பராமரிக்குது, தேங்காய் ஒடைக்கற சத்தம் ஓயாது. ஆற்றுகால் பகவதி கோயிலுக்குப் போலாம். சாலை மார்க்கெட்டுல சும்மா நடந்தாலே ஒரு மணி நேரம் போயிரும், கடைக்காரங்க பாதிப் பேர் தமிழ் தான் பேசறாங்க. பாளையத்துல பள்ளிவாசல், சர்ச், பிள்ளையார் கோயில் மூணும் ஒரே இடத்துல இருக்கு. அப்பறம் கோவளம், அதுக்கு லீவு கிடையாது.

கோவளத்துக்கு கிழக்கேகோட்டைல இருந்து பஸ் இருக்கு, ஆட்டோக்காரங்க 400, 450 கேக்கறாங்க, தேவையில்ல, பஸ்லயே போங்க. ஆனா நான் போனது ஜூலை மாசம், கடல் அப்படி ஒரு ஆக்ரோஷம், லைட்ஹவுஸ் பீச் பூரா சிவப்புக் கொடி. மணல் கறுப்பும் பழுப்புமா மினுமினுங்குது, இல்மனைட் தாதுவாம். கால் நனைக்கப் போனவங்களக் கூட லைஃப்கார்டு விசிலடிச்சு மேல ஏத்திட்டே இருந்தார். ஒரு பையன் கேக்காம முட்டி ஆழத்துல நின்னு செல்ஃபி எடுத்தான், அல திரும்பறப்ப கால வாரி இழுத்து உக்கார வச்சிருச்சு, போன் கடலோட போச்சு, அவனக் கையப் புடிச்சு இழுத்துப் போட்டாங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் குளிக்கலாம்னு நெனச்சு யாரும் போகாதீங்க, பொன்முடி மலையும் அப்படித்தான், பலத்த மழைன்னா மேல விட மாட்டாங்க. கடல் விடலன்னா ரெண்டு மூணு கிலோமீட்டர்ல விழிஞ்ஞம் இருக்கு, அங்க எட்டாம் நூத்தாண்டு குடைவரைக் கோயில் ஒண்ணு, ரொம்பச் சின்னது, ஒரே பாறை, உள்ள வீணாதர தட்சிணாமூர்த்தி, வெளிய ரெண்டு பக்கமும் முடிக்காம விட்ட சிவன் சிற்பம். யாருமே இல்ல, மழைத்தண்ணி சொட்டுது, எனக்கு கடல விட அது தான் புடிச்சிருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரிக்கு, சாயங்காலமே வெளிச்சத்துல போயி, ரூம உள்ள போயிப் பாத்து, தாப்பாள் விழுதான்னு போட்டுப் பாத்துட்டு தான் 1,200 குடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மியூசியம் தெறந்ததும் மொத ஆளா போயிட்டேன். நேப்பியர் மியூசியம் 1880ல கட்டினது, நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டி செனட் ஹவுஸ டிசைன் பண்ண அதே சிஸ்ஹோம் தான் இதையும் பண்ணாராம். வெளிய செவுரெல்லாம் கலர் கலரா கோலம், உள்ள ஏசி இல்லாமயே குளுகுளுன்னு இருக்கு, காத்து போற வழி அப்படி வச்சுக் கட்டியிருக்காங்க. பழைய வெண்கலச் சிலைங்க, தந்தத்துல செஞ்சது, ஒரு மரத்தேர். ஆனா அத விட ரவிவர்மா படங்களுக்கு நேரம் ஒதுக்குங்க. அதே வளாகத்துல 2023ல அவருக்குன்னு தனி கேலரி தெறந்திருக்காங்க. கால்ல முள் குத்துன மாதிரி நடிச்சுட்டு திரும்பிப் பாக்கற சகுந்தல, அன்னத்தோட பேசற தமயந்தி, இதெல்லாம் நம்ம காலண்டர்ல பாத்து பாத்து வளந்த படம். நேர்ல பாத்தா சேலையோட ஜரிகைல தனியா வெளிச்சம் விழுது, அந்தத் துணி என்ன துணி, என்ன மடிப்புன்னு பாக்கறதுக்கே எனக்கு அரை மணி நேரம் ஆச்சு, திருப்பூர்க்காரிக்கு வேற எப்படி இருக்கும். தனியா போனதுல இருக்கற ஒரே லாபம், போலாம் போலாம்னு கையப் புடிச்சு இழுக்க யாரும் இல்ல.

சாயங்காலம் வண்டி சென்ட்ரல்ல இருந்து தான். அதுக்கு முன்னாடி கிழக்கேகோட்டை பக்கம் ஒரு கடைல போளியும் பால் பாயசமும் சாப்ட்டேன். அந்த ஊர் போளி நம்ம ஊர் போளி மாதிரி இல்லீங்க, மஞ்சளா, துணி மாதிரி மெல்லிசா இருக்கு, அத மடிச்சு இலைல வச்சு மேல பாயசத்த ஊத்திக் குடுக்கறாங்க. வீட்டுக்கு போளி மட்டும் கட்டி வாங்கிட்டு வந்தேன், மறுநாளும் நல்லாத் தான் இருந்துச்சு, பாயசத்த மட்டும் அங்கயே சாப்ட்டுட்டு வாங்க.